வின்ச்சுக்கு எது ஸ்தானம்?

சேற்றில் அச்சு வரை புதைந்துபோன லாரியை வெளியே இழுப்பதற்கும், ஓடாமல் நின்றுவிட்ட காரை டிரெய்லரின் மேல் ஏற்றுவதற்கும், பள்ளத்தில் சரிந்த பஸ்ஸை நிமிர்த்திச் சாலைக்குக் கொண்டுவருவதற்கும் அடிப்படையில் ஒரே யந்திரந்தான் பயன்படுகிறது. ஓர் உருளை, அதன்மேல் சுற்றிய கம்பிக்கயிறு, உருளையை மெதுவாகவும் பலமாகவும் சுழற்றுவதற்கான பற்சக்கரங்கள், அவற்றுக்குச் சக்தி கொடுக்க மின்மோட்டாரோ, எஞ்சினோ, எண்ணெய் அழுத்தமோ, அல்லது வெறும் மனிதக் கையோ: இவ்வளவே வின்ச்சின் சரீரம். இதை வாங்க வருகிறவர்கள் எத்தனை டன் இழுக்கும் என்று கேட்கிறார்கள். கயிறு எத்தனை மீட்டர் என்று கேட்கிறார்கள். விலையைக் கேட்டு ஒருமுறை பெருமூச்சும் விடுகிறார்கள். வண்டியில் எந்த இடத்தில் இதை அமைப்பது என்ற கேள்வியோ, பட்டறையில் வண்டி நின்று வெல்டிங் பொறி பறக்கத் தொடங்கிய பிறகே எழுகிறது. எழுந்த அப்போதும், எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அதுவே ஸ்தானம் என்று ஒரு நொடியில் நிர்ணயமாகிவிடுகிறது. இந்த முறை தலைகீழானது என்பதே என் கட்சி. கயிறு எந்தக் கோட்டில் செல்லப்போகிறது என்பதை முதலில் தீர்மானித்து, அந்தக் கோடு சேஸியின் பலமான பாகத்தை எவ்வளவு தாழ்வாகவும் எவ்வளவு நேராகவும் சந்திக்கும் என்பதைப் பார்த்து, அதற்குப் பிறகே வின்ச்சுக்கு இடம் தேட வேண்டும்.

பழனி மலையில் யாத்ரிகர்களை ஏற்றிச் செல்லும் வின்ச்சை நாம் எல்லோரும் அறிவோம். அங்கே இழுக்கும் யந்திரம் மலையோடு மலையாக ஊன்றப்பட்டிருப்பதால், அது இழுக்கும்போது தானும் இழுபடுமோ என்ற விசாரத்துக்கே இடமில்லை. வண்டியில் ஏறிய வின்ச்சின் நிலைமை வேறு. அது எத்தனை டன் இழுக்கிறதோ அத்தனை டன்னும் அதைத் தாங்கும் வண்டியின்மேல் எதிர்ப்பக்கமாக விழுகிறது. போல்ட்டின் வழியாகப் பலகைக்கும், பலகையின் வழியாகச் சேஸிக்கும், சேஸியின் வழியாகச் சக்கரங்களுக்கும், சக்கரங்களின் வழியாகத் தரைக்கும் அந்த பலம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ அங்கே விபரீதம் நேரும். ஆகையால், இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது உண்மையில் இந்த பலம் தரைக்குப் போகும் பாதையைத் தேர்ந்தெடுப்பதே ஆகும்.

இந்த உண்மையை மோட்டார் லாரி பிறப்பதற்கு முன்பே கண்டுகொண்டவர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து ஜான் ஃபௌலர், நீராவியால் உழும் முறைக்காக ராயல் விவசாயச் சங்கம் அறிவித்திருந்த 500 பவுன் பரிசை 1858-இல் பெற்றார். பின்னாளில் அவருடைய கம்பெனி செய்த உழவு எஞ்சின்கள் வயலின் இரு ஓரங்களிலும் ஒன்றுக்கொன்று எதிராக நின்று, நடுவிலுள்ள கலப்பையைக் கம்பிக்கயிற்றால் மாறி மாறி இழுத்தன. அந்த எஞ்சின்களின் படத்தைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது, கொதிகலனின் அடிவயிற்றில், தரைக்குச் சமீபமாக, படுத்த நிலையில் தொங்கும் பெரிய உருளைதான். கயிறு எஞ்சினின் பக்கவாட்டில் இழுபடுவதால், உருளையை உயரத்தில் வைத்திருந்தால் எஞ்சின் கவிழ்வதற்கே ஏது உண்டாகும். தாழ்வாக வைத்ததால் அத்தனை டன் எடையும் எஞ்சினை மண்ணோடு ஊன்றிப் பிடித்தது. உருளையை வைக்க மேலே எவ்வளவோ இடம் இருந்தும் கீழே வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மோட்டார் யுகத்தில் வின்ச் மூன்று ஸ்தானங்களைத் தேடிக்கொண்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் உற்பத்தி செய்த ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரிகளில் ஒரு பகுதிக்கு, முன் பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே, நீட்டப்பட்ட சேஸி நுனிகளின் நடுவில், 10,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 4,500 கிலோ இழுக்கும் வின்ச் அமைந்திருந்தது. எஞ்சினின் சக்தி ஒரு நீண்ட தண்டின் வழியாக அதற்கு வந்தது. அளவுக்கு மீறிய பாரம் ஏறினால் முறிந்துபோவதற்கென்றே அத்தண்டில் ஓர் ஆணி வைத்திருந்தார்கள். ஆணி முறிந்தால் வேறு ஆணி போட்டுக்கொள்ளலாம். சேஸி முறிந்தால் என்ன செய்வது? முன்னால் செல்லும் லாரி தான் புதைந்தால் தன்னைத்தானே இழுத்துக்கொள்வதற்கும், எதிரே தெரியும் மரத்தில் கயிறு கட்டி ஆற்றங்கரை ஏறுவதற்கும் இந்த முன்ஸ்தானம் மிகவும் பொருத்தமானது.

டாங்கிகளை ஏற்றிச் செல்வதற்காக 1940-இல் பிரிட்டிஷார் அமெரிக்காவில் சொல்லிச் செய்வித்த டயமண்ட் டி லாரியின் வரலாறு இதைவிடப் படிப்பினை நிறைந்தது. அதன் 980-ஆம் மாடலில், 40,000 பவுண்டு இழுக்கும் கார்வுட் வின்ச் டிரைவர் அறைக்குப் பின்னால், சேஸியின் நடுவில் குறுக்காக இருந்தது; 300 அடி கயிறு பின்புறமாக மட்டும் ஓடி, டிரெய்லரின் மேல் டாங்கியை இழுத்தது. அடுத்து வந்த 981-ஆம் மாடலில் கயிறு 500 அடியாக நீண்டதோடு, அதை முன்புறமாகவும் கொண்டுசெல்ல வழி செய்தார்கள். வின்ச்சை இடம் மாற்றவில்லை; கயிற்றின் வழியை மட்டும் மாற்றினார்கள். யுத்தகளத்தின் அனுபவம் போதித்த பாடத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. மூன்றாவது ஸ்தானமாகிய பின்புறத்தை அமெரிக்காவின் சட்டநூகா நகரில் 1916-இல் விபத்து வண்டிகளைத் தூக்கும் லாரியை உருவாக்கிய எர்னஸ்ட் ஹோம்ஸின் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். பிற்காலத்து ஹோம்ஸ் லாரிகளில் இரண்டு பூம்கள், அதாவது தூக்கும் கைகள்; ஒவ்வொன்றுக்கும் தனிக் கயிறு. ஒரு பூமின் கயிறு பக்கத்துப் பள்ளத்திலிருந்து காரை இழுக்கும்போது, மற்றொன்றின் கயிற்றை எதிர்ப்பக்கத்து மரத்தில் கட்டி லாரி கவிழாமல் நிறுத்துவார்கள். உயரத்திலிருந்து இழுக்க நேர்ந்தால் எதிர்ப்பிடி இல்லாமல் ஆகாது என்பதை ஹோம்ஸ் அறிந்திருந்தார்.

உயரத்தின் விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். முன்பின் சக்கரங்களுக்கு இடையே 4 மீட்டர் தூரமுள்ள ஒரு லாரியின் தட்டில், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் புறப்படும் கயிறு பின்னோக்கிக் கிடையாக 5 டன் பலத்தோடு இழுக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 5-ஐ 1.3-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால், முன் அச்சின்மேலிருந்து ஏறக்குறைய 1.6 டன் பாரம் பின் அச்சுக்கு மாறுகிறது என்று தெரிகிறது. காலி லாரியானால் முன்சக்கரங்கள் தரையைப் பேருக்குத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். கயிறு 65 சென்டிமீட்டர் உயரத்தில் புறப்பட்டால் இந்த மாற்றம் பாதியாகக் குறைந்துவிடும். கைப்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான் ஆகையால் பின்னால் பாரம் ஏறுவதில் ஒரு நன்மையும் உண்டு என்று வாதிப்பவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமான வாதமே. ஆனால் இழுப்பு பக்கவாட்டில் திரும்பும்போது இந்த வாதம் நில்லாது. 8 டன் லாரியை அதன் எடை நிலைநிறுத்தும் பலம், இடவலச் சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தில் பாதியை 0.9 மீட்டர் என்று கொண்டால், 7.2 டன் மீட்டர். முதலில் சொன்ன 1.3 மீட்டர் உயரத்திலிருந்து பக்கவாட்டில் 5 டன் இழுத்தால் கவிழ்க்கும் பலம் 6.5 டன் மீட்டர். சாதாரணமாக லாரி கவிழ்வதற்கு முன் வழுக்கிவிடும். சக்கரம் ஒரு கல்லில் முட்டி நின்றுவிட்டால் வழுக்காது. அந்த ஒரு கல் எங்கே கிடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

முன் பம்பரில் வின்ச் வைப்பதையே நம் நாட்டு ஜீப் பிரியர்கள் பெரும்பாலும் விரும்புகிறார்கள். அதற்கு உபயோகம் ஒரு காரணம். தோற்றம் மற்றொரு காரணம். தோற்றத்தைப் பற்றி எனக்கு வழக்கில்லை. ஆனால் 40 கிலோ வின்ச்சும் 35 கிலோ இரும்புப் பம்பரும் சேர்ந்து முன் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் முன்னால் தொங்கினால், 2.4 மீட்டர் அச்சு இடைவெளியுள்ள ஜீப்பில் முன் ஸ்பிரிங்குகளுக்கு ஏறுவது 75 கிலோ அல்ல, 100 கிலோ. பின் அச்சு 25 கிலோ இலகுவாகிவிடும். ரேடியேட்டருக்குச் செல்லும் காற்றின் ஒரு பகுதி தடைப்படும். மேடு ஏறும்போது மூக்கு இடிக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாகச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் கார்களின் முன்னால் பொருத்தும் இரும்புக் காப்புக் கம்பிகளின்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது; 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்றலாகாது என்ற கருத்தை உறுதிப்படுத்தியது. எதிரே வந்து மோதும் பாதசாரியின் நிலையையும், ஏர்பேக்கை விரியச் செய்யும் உணர்கருவிகளின் நிலையையும் எண்ணிப் பார்த்தால் இந்தக் கண்டிப்பில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது. ஆகவே சாலையில் ஓடும் வண்டிக்கு முன்வின்ச் வேண்டுமென்போர், பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போவதே முறை.

இனி, கயிறு உருளையில் படியும் விதத்துக்கு வருவோம். இந்தப் பிரச்சினையில் அதிகம் அலட்சியம் செய்யப்படுவதும், அதிகத் தொல்லை கொடுப்பதும் இதுதான். உருளையின் நடுவிலிருந்து முதல் கப்பி வரை ஒரு நேர்கோடு. உருளையின் ஓரத்திலிருந்து அதே கப்பி வரை மற்றொரு கோடு. இவை இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம், வழவழப்பான உருளையில் ஒன்றரை டிகிரிக்கும், காடி வெட்டிய உருளையில் இரண்டு டிகிரிக்கும் மேற்படலாகாது என்பது கம்பிக்கயிற்றுத் தொழிலில் நெடுங்காலமாக வழங்கும் விதி. ஒன்றரை டிகிரி என்றால், உருளை அகலத்தில் பாதியைப்போல் சுமார் 38 மடங்கு தூரத்தில் முதல் கப்பி இருக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் உருளைக்கு 3.8 மீட்டர். பம்பரில் வைத்த வின்ச்சுக்கும் அதன் முன்னுள்ள ரோலருக்கும் இடையே ஒரு சாண் தூரங்கூட இருப்பது அபூர்வம் ஆகையால், அங்கே இவ்விதியை அனுசரிக்க வழியே இல்லை. விளைவு பிரத்தியட்சமாகத் தெரியும்: வண்டி சற்றுக் கோணலாக நின்று இழுத்தால், கயிறு உருளையின் ஒரு மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கரையை மீறும் அளவுக்குக் குவிந்து, மேல்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்கு நடுவே ஆப்புப்போல் இறங்கி நசுங்கும், கம்பியிழைகள் ஒவ்வொன்றாக அறுந்து முள்ளாக எழும். பிறகு தோல் கையுறை போட்டுக்கொண்டு, கயிறு முழுவதையும் வெளியே இழுத்து, மிதமான பாரத்தோடு அடுக்கடுக்காகத் திரும்பச் சுற்ற வேண்டும். சேஸியின் நடுவில், டிரைவர் அறையை ஒட்டி வைத்த வின்ச்சுக்கோ, வண்டியின் பின்விளிம்பிலுள்ள ரோலர் மூன்று நான்கு மீட்டர் தொலைவில் இருப்பதால், யாரும் கைவைக்காமலே கயிறு தானாக வரிசையில் அமர்ந்துகொள்ளும்.

உருளையில் எத்தனை அடுக்கு கயிறு கிடக்கிறது என்பதும் இடத்தோடு சம்பந்தப்பட்டதே. வின்ச்சின்மேல் எழுதியிருக்கும் சக்தி முதல் அடுக்குக்கு மட்டும் உரியது. 64 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் 8 மில்லிமீட்டர் கயிறு சுற்றினால், கயிற்றின் மையம் முதல் அடுக்கில் அச்சிலிருந்து 36 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். நாலாவது அடுக்கில் 60. அதாவது 4,000 கிலோ என்று சொல்லி வாங்கிய வின்ச் நாலாவது அடுக்கில் 2,400 கிலோதான் இழுக்கும். இதைத் தெரிந்துகொண்டவர் வின்ச்சைப் பாரத்துக்கு மிகச் சமீபமாக அமைக்க அவசரப்பட மாட்டார். பாரம் நெருங்க நெருங்கக் கயிறு அடுக்கேறி, பலம் அதிகம் தேவைப்படும் கடைசிக் கட்டத்தில் யந்திரம் இளைத்துப்போகும். கீழே கம்பிக்கயிறானால் குறைந்தது ஐந்து சுற்றும், செயற்கை நாரானால் எட்டுப் பத்துச் சுற்றும் உருளையில் எப்போதும் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்; முனையைப் பிடித்திருக்கும் திருகாணி இழுப்பைத் தாங்குவதற்காக வைத்ததல்ல.

நடுவில் வின்ச்சை வைத்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் கயிற்றைக் கொண்டுபோகலாம் என்றால், எல்லோரும் அப்படியே செய்துவிடலாமே என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் திருப்பும் ஒவ்வொரு கப்பிக்கும் விலை உண்டு. சாதாரணக் கப்பி ஒவ்வொன்றிலும் உராய்வினால் இழுப்பின் ஒரு பகுதி வீணாகும். சேஸிக்கு அடியில் செல்லும் கயிற்றில் சேறும் மணலும் ஒட்டி உள்ளிழைகளை அரிக்கும். இவற்றைவிட முக்கியம், கப்பி கட்டப்பட்ட இடத்தின்மேல் விழும் பாரம். கயிறு செங்கோணமாகத் திரும்பினால் கப்பியின் பிடியில் இழுப்பைப்போல் 1.4 மடங்கு பாரம். முழுவதும் திரும்பி எதிர்த்திசையில் வந்தால் இரண்டு மடங்கு. வின்ச்சை எட்டு போல்ட்டுகளால் ஜாக்கிரதையாகப் பூட்டிவிட்டு, திருப்பும் கப்பியை ஏதோ ஒரு குறுக்குச் சட்டத்தில் ஒரு கொக்கியால் மாட்டிவிடும் வேலையை நம் பட்டறைகளில் காணலாம். வின்ச் நிற்கும், குறுக்குச் சட்டம் கிழிந்து வரும். கயிற்றின் வழி எத்தனை இடங்களில் வளைகிறதோ, அத்தனை இடங்களும் வின்ச்சின் ஸ்தானங்களே என்று எண்ணிக் கட்டுவதுதான் விவேகம்.

மின்சார வின்ச்சாக இருந்தால் மற்றொரு கயிற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அது செம்புக்கயிறு. முழுப்பாரத்தில் 12 வோல்ட் வின்ச் 400 ஆம்பியர் வரை உறிஞ்சும். 35 சதுர மில்லிமீட்டர் செம்புக்கேபிளில் மீட்டருக்கு அரை மில்லிஓம் தடை. எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் வின்ச்சுக்குப் போகவும் வரவும் 3 மீட்டர் கேபிள் போதும், இழப்பு 0.6 வோல்ட். அதே வின்ச்சை டிரெய்லரின் மூக்கில் வைத்து லாரியின் பேட்டரியிலிருந்து 8 மீட்டர் கேபிள் இழுத்தால், போகவர 16 மீட்டர், இழப்பு 3.2 வோல்ட். பன்னிரண்டில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே சூடாகப் போய்விடும். மோட்டார் முக்கும், புகையும். டிரெய்லரிலேயே தனி பேட்டரி வைத்து, லாரியிலிருந்து மெல்லிய ஒயரால் அதற்குச் சார்ஜ் ஏற்றுவதே இதற்குத் தக்க பரிகாரம். லாரி 24 வோல்ட்டானால் வின்ச்சும் 24 வோல்ட்டாக இருப்பது நலம், ஆம்பியர் பாதியாகும்.

டிரெய்லர் விஷயத்தில் மேலும் நின்று ஆராய்வது அவசியம். லாரிக்குச் சொன்ன நியாயங்கள் எல்லாம் இங்கே அப்படியே பொருந்துவதில்லை. பள்ளத்திலிருந்து வண்டியை இழுக்கும் வின்ச்சுக்கு எதிர்பலம் தரையிலிருந்து கிடைக்க வேண்டும். டிரெய்லரின் மேல் காரை ஏற்றும் வின்ச்சுக்கோ, காரின் சக்கரங்கள் சாய்வுப் பலகையில் ஏறிய கணத்திலிருந்து இழுப்பவரும் இழுபடுபவரும் ஒரே வாகனத்தின்மேல் நிற்பதால், அந்த பலம் டிரெய்லரின் சட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கார் தரையில் இருக்கும் அந்தத் தொடக்க நேரத்தில்தான் டிரெய்லர் பின்னோக்கி நகரப் பார்க்கும். அதற்கு லாரியின் பிரேக்கும் சக்கரத்தடியில் வைக்கும் கட்டையும் போதும்.

அப்படியானால் வின்ச்சை எங்கே வைத்தாலும் சரியா? இல்லை. முதலாவது, உயரம். தட்டு தரையிலிருந்து 60 சென்டிமீட்டர், தட்டின் நீளம் 4 மீட்டர், சாய்வுப் பலகையின் அடியில் நிற்கும் காரின் இழுப்புக்கொக்கி தரையிலிருந்து 35 சென்டிமீட்டர், வின்ச்சிலிருந்து கொக்கி வரை 6.2 மீட்டர் என்று வைத்துக் கோடு போட்டுப் பார்த்தால், வின்ச் தட்டுக்கு மேல் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் உயரத்தில் இல்லாவிடில், கயிறு தட்டின் பின்விளிம்பில் உரசும் என்று தெரிகிறது. உரசிய கயிறு எத்தனை நாள் வாழும்? கார் மேலே ஏறி முன்னால் வந்துவிட்ட பிறகு கொக்கியின் உயரமும் தட்டுக்கு மேல் 35 சென்டிமீட்டரே ஆகையால், இறுதி இழுப்பும் ஏறத்தாழக் கிடையாகவே அமையும். தட்டோடு தட்டாக வின்ச்சைப் பதித்துவிட்டால் கயிறு கடைசியில் காரின் மூக்கைக் கீழே அழுத்தும். மிக உயரத்தில் கம்பம் நட்டு வைத்தால் மூக்கைத் தூக்கும்.

இரண்டாவது, முன்பின். இதுவே பிரதானம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில், அதாவது லாரியோடு இணையும் கொக்கியில், இறங்க வேண்டுமென்பது அனுபவஸ்தர்களின் பொது விதி. அது குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் வாலாட்டத் தொடங்கும். காரை எவ்வளவு முன்னால் கொண்டுவர முடியும் என்பதை வின்ச்சின் இடமே தீர்மானிப்பதால், தட்டின் முன்விளிம்பில் வின்ச்சை வைத்துவிட்டவர், எஞ்சின் பின்னால் உள்ள காரை ஏற்றும்போது, இன்னும் ஓரடி முன்னால் வந்தால் சரியாகுமே என்று தவிப்பார். வின்ச் வழிமறித்து நிற்கும். தட்டுக்கு முன்னால், கொக்கியை நோக்கிக் குவியும் முக்கோணச் சட்டத்தின்மேல், சரியான நடுவில் அதை அமைப்பதே உத்தமம். வின்ச்சின் எடையும் பேட்டரியின் எடையும் மூக்கில் இறங்குவது அங்கே குற்றமாகாமல் குணமாகிறது.

எத்தனை சக்தி வேண்டும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லலாம். 1,500 கிலோ கார் 12 டிகிரி சாய்வில், சக்கரங்கள் நன்றாகச் சுழன்றால், சுமார் 340 கிலோ இழுப்பில் ஏறிவிடும். விபத்தில் நசுங்கிச் சக்கரங்கள் சுழலாமல் தேய்ந்துகொண்டு வந்தால் 1,250 கிலோவுக்கு மேல் வேண்டும். வண்டியின் முழு எடையைப்போல் ஒன்றரை மடங்கு என்று வழங்கும் கணக்கு சேற்றை நினைத்துச் சொன்னதாயினும், டிரெய்லருக்கும் அதை அனுசரிப்பது வீண் செலவன்று. சேற்றைப் பற்றி அமெரிக்க ராணுவத்தின் மீட்புக் கையேடு சொல்லும் கணக்கு நினைவில் வைக்கத் தக்கது: சக்கரம் மூழ்கினால் வண்டியின் எடைக்குச் சமமான தடை, மட்கார்டு வரை மூழ்கினால் இரண்டு மடங்கு.

தட்டே பின்னால் நகர்ந்து சாயும் ரெக்கவரி லாரிகளில் ஒரு நுட்பம் உண்டு. அங்கே வின்ச் சேஸியில் இருக்கலாகாது. நகரும் தட்டின்மேல்தான் இருக்க வேண்டும். சேஸியில் இருந்தால், தட்டு காரோடு முன்னோக்கித் திரும்பும்போது கயிறு தளர்ந்து கார் பிடி இழக்கும். பின்னோக்கி நகரும்போது கயிறு விறைக்கும். படகு டிரெய்லர்களில் வின்ச்சுக்கென்றே முன்னால் ஒரு கம்பம் நடுகிறார்கள். படகின் மூக்கு வளையத்துக்கு நேரான உயரத்தில் வைப்பது தவிர அதில் ஆராய வேண்டியது அதிகம் இல்லை. சிறு படகுக்குக் கைவின்ச்சே போதும்.

இடம் தீர்மானமான பின் பூட்டும் விதம். சந்தையில் கிடைக்கும் மின்சார வின்ச்சுகளில் பெரும்பாலானவற்றின் காலில் நாலு துளைகள், 254 மில்லிமீட்டர் நீளமும் 114 மில்லிமீட்டர் அகலமுமான செவ்வகத்தில் அமைந்திருக்கும். காலைக் கீழே வைத்துக் கிடைப்பலகையில் பூட்டினால் இழுப்பு முழுவதும் போல்ட்டுகளை அறுக்கும் திசையில் செல்லும். பின் போல்ட்டுகள் பிடுங்கவும் படும். அதே வின்ச்சை நிமிர்ந்த பலகையின் பின்னால், கால் முன்னோக்கி இருக்கும்படி பூட்டி, பலகையிலுள்ள துளை வழியாகக் கயிற்றை விட்டால், இழுக்க இழுக்க வின்ச் பலகையோடு அழுந்துமே தவிர, போல்ட்டுகளுக்கு அதிக வேலையில்லை. சில மாதம் உழைத்த வின்ச்சின் போல்ட் தலையைச் சுற்றிப் பெயிண்ட்டைப் பாருங்கள். மயிரிழையளவு வெடிப்பு வட்டமாக ஓடி, அதில் துருநீர் கசிந்திருந்தால், பலகை அசைந்திருக்கிறது என்று அர்த்தம்.

நாமக்கல் முதலிய ஊர்களில் லாரிக்குப் பாடி கட்டும் தொழிலாளர்களின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் சேஸி நீளச்சட்டத்தின் மேல், கீழ் மடிப்புகளில் துளை போடுவதையும், அங்கே வெல்டிங் செய்வதையும் லாரித் தயாரிப்பாளர்களின் பாடி கட்டும் கையேடுகள் பொதுவாகத் தடுப்பதற்குக் காரணம் உண்டு. வளையும் சட்டத்தில் இழுவையும் அழுத்தமும் அந்த மடிப்புகளில்தான் உச்சத்தில் இருக்கின்றன. அங்கே போட்ட துளையிலிருந்து விரிசல் புறப்படும். செங்குத்தான நடுப்பாகத்தில் துளையிட்டு, இரண்டு நீளச்சட்டங்களையும் இணைக்கும் குறுக்குப் பலகையின் வழியாக இழுப்பை இரு பக்கமும் சமமாகப் பகிர்ந்து கொடுப்பதே சரி. ஒரே சட்டத்தில் தொங்கும் வின்ச் சேஸியை முறுக்கும்.

நிற்கும் மனிதனுக்கும் ஒரு ஸ்தானம் உண்டு என்பதை மறந்து அமைக்கும் வின்ச்சுகள் அநேகம். பொத்தான் வின்ச்சின் உடலிலேயே இருந்தால், இயக்குபவர் இழுபடும் கயிற்றின் பக்கத்திலேயே நிற்க நேரும். கம்பிக்கயிறு அறுந்தால் அது திரும்பி வீசும் வேகத்துக்குக் கால் எலும்பு ஒரு பொருட்டல்ல. வெளியே விட்ட கயிற்றின் நீளத்துக்குக் குறையாத தூரத்தில் எல்லோரும் நிற்க வேண்டும். ஆகவே இயக்கும் கம்பி நீளமாகவோ, கம்பியில்லாத் தொலையியக்கியாகவோ இருக்க வேண்டும். செயற்கை நார்க்கயிறு அறுந்தால் வீச்சு குறைவு. ஆனால் பிரேக் உருளைக்குள்ளேயே இருக்கும் வின்ச்சுகளில் அது சூட்டால் கெடும், வெயிலாலும் கெடும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால்: பிறரை மீட்பதற்காகக் கட்டும் லாரிக்கு டிரைவர் அறைக்குப் பின்னால், சேஸியின் நடுவில், முன்னும் பின்னும் கயிறு செல்லும் வழிகளோடு, தன்னைத்தானே மீட்டுக்கொள்ள வேண்டிய காட்டு ஜீப்புக்கு, சட்டம் அனுமதிக்கும் அளவில், முன்னால் தாழ்வாக, கார் டிரெய்லருக்கு முக்கோணச் சட்டத்தின் நடுவில், தட்டுக்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில். வருஷத்தில் இரண்டொரு தடவைதான் தேவைப்படும் என்பவர் வின்ச்சையே நிரந்தரமாகப் பொருத்த வேண்டாம். வண்டியின் பின்கொக்கிப் பெட்டியில் வேண்டும்போது செருகி எடுக்கும் வின்ச்சுகள் கிடைக்கின்றன. பட்டறைக்குப் போகிறவர்கள் வின்ச்சோடு ஒரு சணல்கயிற்றையும் கொண்டுபோங்கள். பாரம் நிற்கும் இடத்திலிருந்து வண்டி வரை அதைக் கட்டி இறுக்கி, எங்கே உரசுகிறது, எங்கே வளைகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, அதன் பிறகு துளை போடச் சொல்லுங்கள்.